மீதம் கீழே விழும்

பதுளையில் ஏவுகணையைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் புத்தகம் எழுதியவன், எனக்குத் தெரிந்த வரையில், நான் ஒருவன்தான். போட்டிக்கு யாரும் வராததால் அந்தப் பட்டம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

கொழும்பில் ஒரு பதிப்பாளர் மாணவர்களுக்கென்று அறிவியல் வரிசை ஒன்று தொடங்கினார். கடிதம் மலையேறி எனக்கு வந்து சேர்வதற்குள் தேனீ, எரிமலை, இதயம், கிரகணம் எல்லாவற்றையும் மற்ற ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிஞ்சியவை இரண்டு: குடற்புழு, ஆரம்ப கால நெடுந்தூர விமான எதிர்ப்பு ஏவுகணைகள். என் மனைவி குடற்புழுவைச் சிபாரிசு செய்தாள். "அதுவாவது உங்களுக்குப் பழக்கமான விசயம்" என்றாள். நான் ஏவுகணையை எடுத்தேன். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தினால் சமையலறையில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறவன் நான். வெடிக்கும் பொருள்களைத் தூரத்திலிருந்து, காகிதத்தில், ஆராய்வதற்கு அதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

இரண்டு வருடம் எழுதினேன். பாடசாலை விட்டு வந்து, பிளேன்டீ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இறந்துபோன பொறியியலாளர்களின் தோல்விகளைப் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அது ரசமான கதைதான். உலகப் போர் முடிகிற காலத்தில் விமானங்கள் பீரங்கிக்கு எட்டாத உயரத்தில் பறக்கத் தொடங்கிவிட்டன. எட்டினாலும் பிரயோசனமில்லை, குண்டு மேலே போய்ச் சேர்கிற நேரத்தில் விமானம் வேறிடத்தில் இருக்கும். பீரங்கிக்காரன் விமானத்தைச் சுடுவதில்லை, விமானம் வரப்போகும் வெற்றிடத்தைச் சுடுகிறான். விமானி கொஞ்சம் திரும்பினால் குண்டு வெற்றிடத்தைத்தான் கொல்லும். ஆகவே, புறப்பட்ட பிறகும் மனம் மாறக்கூடிய குண்டு ஒன்று வேண்டியிருந்தது. தோற்றுக்கொண்டிருந்த நாடு ஒன்று அதைச் செய்து பார்த்தது. அது உருப்படுவதற்குள் போர் முடிந்துவிட்டது. வென்றவர்கள் வரைபடங்களையும் வரைந்தவர்களையும் பங்கு பிரித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

முதலில் வந்த ஏவுகணைகள் சிலவற்றுக்கு மூளை தரையில் இருந்தது. ஒரு ராடார் எதிரியைப் பார்க்கும். இன்னொன்று நம்முடைய ஏவுகணையைப் பார்க்கும். நடுவே ஓர் அறை நிறைய வால்வுகள் சூடேறிக் கணக்குப் போட்டு, இடது பக்கம், இன்னும் இடது என்று மேலே கட்டளை அனுப்பும். பக்கத்தில் வரும் விமானத்துக்கு இது சரி. தூரம் கூடக் கூடத் தரையிலிருந்து பார்க்கிற கண் மங்கியது, கட்டளையும் தடுமாறியது. கடைசியில் ஏவுகணையின் மூக்கிலேயே ஒரு சிறிய ராடாரைப் பொருத்தி, ஓரளவு தூரம் வரைக்கும் நாங்கள் சொல்கிறோம், அப்புறம் நீயே பார்த்துப் போ என்று விட்டார்கள். தரையிலிருந்து கத்துவதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை மூளைகளும் அத்தனை வருடங்களும் செலவாயின.

ஒன்று விமானம் மாதிரியே இருந்தது. இறக்கை உண்டு, வால் உண்டு, ஆள்தான் இல்லை. செங்குத்தாகக் கிளம்பி, உயரே போய்ப் படுத்து, ராம்ஜெட் என்ற இயந்திரத்தால் ஓடும். ராம்ஜெட் ஒரு விசித்திரப் பிறவி. வேகமாக ஓடினால்தான் அதற்கு மூச்சு வரும். நிற்கிற இடத்தில் அது வெறும் குழாய். எனவே முதலில் ஒரு ரொக்கெட் அதைத் தள்ளிவிட வேண்டும். வேறு பல ஏவுகணைகளில் அப்படித் தள்ளிவிடும் ரொக்கெட் சில விநாடிகளில் கழன்று விழுந்துவிடும். இன்னொன்று: இவை எதிரி விமானத்தில் போய் முட்டுவது அபூர்வம். பக்கத்தில் போய் வெடிக்கும், சிதறல்கள் மீதி வேலையைப் பார்க்கும். தவறிப் போனால் தானே வெடித்துக்கொள்ளும்.

அந்த அத்தியாயத்தை நான் இப்படி முடித்திருந்தேன்: "மீதம் கீழே விழும்."

மூன்றே சொல். எழுதிவிட்டு, அடக்கமாக முடித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. சோதனைகளைக் கடல்மேலும் பாலைவனத்திலும் நடத்தினார்கள். அங்கே விழுந்ததைப் பற்றிக் கேட்க ஆளில்லை. பிறகு நகரங்களைச் சுற்றி ஏவுகணைகளை நிறுத்தியபோது, அந்தத் தள்ளுகிற ரொக்கெட் எங்கே வந்து விழும் என்று ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அதிகாரிகள் வரைபடத்தில் அதற்கென்று ஓர் இடத்தைக் குறித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் யார் குடியிருந்தார்கள் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. அடுத்த அத்தியாயம் எரிபொருள்.

புத்தகம் வந்தது. எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் சாக்கு ஓட்டத்தில் மூன்றாம் இடம் வந்தவருக்கு ஒரு பிரதி பரிசாகப் போனது. இலக்கிய உலகின் எதிர்வினை அத்துடன் முடிந்தது.

என்னுடைய படைப்புகளில் மக்கள் உண்மையில் படித்தது வேறொன்று. அது நமுனுகுல மலைச்சரிவில், என் மனைவியின் தங்கை வாழ்க்கைப்பட்ட தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துச் சுவரில் வெள்ளைப் பெயின்டால் எழுதியது. மழைக்காலத்தில் அந்தச் சரிவு நம்பத்தக்கதல்ல. மண்சரிவு எச்சரிக்கை அறிவித்தல் ஒன்று வந்தது. அதன் தமிழைப் படித்துவிட்டு ஓடுவதா உட்காருவதா என்று யாருக்கும் விளங்கவில்லை. வாத்தியாராகிய என்னைக் கூப்பிட்டு, விளங்கும்படி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். மூன்று விதி.

சைரன் அடித்தால் உடனே வீட்டை விட்டு வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்க. போன், நகை, டீவி என்று தேடி நிற்காமல் அவசரப் பையை மட்டும் எடுக்க. அதிகாரி வந்து சொல்லும் வரை திரும்பிச் செல்லற்க.

'செல்லற்க' என்பதில் எனக்குத் தனிப் பெருமை. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையும் நடத்தினேன். சைரன் சகலையின் பொறுப்பு. சகலை என்றால் மனைவியின் தங்கை புருசன் (அவருக்கு நானும் சகலைதான்), தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் ரூம் வேலை. மழைமானியும் லயத்தில் அவர் வீட்டு அறையான காம்பராவின் பின்புறத்தில்தான். சிவப்பு நாடா ஒட்டிய கோட்டைத் தண்ணீர் தாண்டினால் அவர் கையால் சுற்றும் சைரனைச் சுற்ற வேண்டும். அவர் சுற்றுவார், சனம் சிரித்துக்கொண்டே மைதானத்துக்கு நடக்கும். என் கொழுந்தியா மட்டும் சிரிக்கமாட்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முதல் ஆளாக, ஓடியே போவாள்.

அடுத்த ஐப்பசியில் ஒரு பின்னேரம் தண்ணீர் நாடாவைத் தாண்டியது. சகலை சுற்றினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மைதானத்தில் நிற்கும்போது லயத்தின் கடைசி மூன்று காம்பராவும் சத்தமே அதிகமில்லாமல் மண்ணுக்குள் போயின. உள்ளே ஒரு சீவனும் இல்லை. மற்றவர்கள் மழைக்கு ஒதுங்கக் கோயிலுக்குப் போன பிறகும் கொழுந்தியா மைதானத்தை விட்டு அசையவில்லை. அதிகாரி வந்து சொல்லவில்லையே. அவர் மறுநாள் காலையில்தான் வந்தார். அதுவரை அவள் நனைந்துகொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் வளைகுடா நாடு ஒன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகள் பண்டாரவளையில் விடுதியில் தங்கி உயர்தரம் படிக்கிறாள், காரணம் அவ்வளவுதான். போய் இரண்டாம் வருடம் அந்தப் பக்கம் சண்டை மூண்டது.

சண்டையின் மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் மனைவியும் காலை பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனோம். ஞாயிறு பத்தரைக்கு அவள் வீடியோவில் பேசுவாள். அந்த லயத்தில் வெளிநாட்டுப் போன் என்பது தனி மனித விவகாரமல்ல. சகலையின் ஜன்னல் கம்பியில்தான் சிக்னல் நிற்கும் என்பதால் போனை அங்கே ரப்பர் பட்டியால் கட்டி, ஸ்பீக்கரில் போட்டு, இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அன்றைக்கு இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் பலருடைய வீட்டிலும் ஒருத்தி அந்தப் பக்கம் இருந்தாள்.

என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். "ரொக்கெட் மாஸ்டர் வந்துட்டாரு" என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா. "மாஸ்டரு, அந்த வானத்துல வந்து அடிக்குதே, அத மறிக்க முடியுமாமே, நெசமா?"

என் வாழ்நாளில் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ராடாரைச் சொன்னேன். தரையிலிருந்த மூளையைச் சொன்னேன், மூக்கிலிருக்கும் கண்ணைச் சொன்னேன். அந்தக் காலத்தில் பத்து விட்டால் எத்தனை தவறும், இந்தக் காலத்தில் எவ்வளவு முன்னேற்றம் என்று கையை ஆட்டி விளக்கினேன். சகலை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். மூன்று நாளாக அவர் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"அப்ப பயம் இல்லேங்கிறீங்க, சகலை."

"வர்றத மேலயே மறிச்சிருவாங்க. பயப்பட ஒன்னும் இல்ல" என்றேன்.

அவர் மூச்சு விட்டார். நான் சந்தோசப்பட்டேன். என் மனைவி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் கலியாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் அதே நாட்டில் வேலை செய்தவள். "மேல மறிச்சா, அது எங்க போகும்?" என்று கேட்டாள். எரிபொருள் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்த நான், அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

போன் அடித்தது.

கொழுந்தியா ஒரு பெரிய சமையலறையில் நின்றாள். முகம் வெளிறியிருந்தாலும் சிரித்தாள். வீட்டுக்காரர்கள் சண்டைக்கு முன்பே குடும்பத்தோடு வேறு நாட்டுக்கு உல்லாசப் பயணம் போனவர்கள். விமான நிலையம் மூடியதால் திரும்பவில்லை. இரண்டு மாடி வீட்டில் இவள் மட்டும் தனியாக. ஆனால் பயப்பட வேண்டாம், நேற்று இரண்டு தரம் சைரன் அடித்தது, ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

"மச்சான் இருக்காங்களா? மச்சான், ஒங்களுக்குத்தான் புண்ணியம். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே செஞ்சேன்."

"என்ன செஞ்ச?"

"சைரன் அடிச்ச ஒடனே வெளிய ஓடிட்டேன். கேட்டுக்கு முன்னால காலி நெலம் இருக்கு, நம்ம மைதானம் மாதிரி. அங்க போயி நடுவுல நின்னேன். பைய மட்டும் எடுத்துக்கிட்டேன், போனக்கூட எடுக்கல."

இஸ்தோப்பில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கெட்டிக்காரி என்றது ஒரு குரல். நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன்.

"எவ்வளவு நேரம் நின்ன?"

"அதாங்க மச்சான், யாரும் வந்து உள்ள போகலாம்னு சொல்லவே இல்ல. ஒன்றரை மணி நேரம் நின்னுட்டேன். மேல பட்டு பட்டுன்னு வெடிச்சுச்சு, பாத்துக்கிட்டே நின்னேன். எல்லாம் அடங்கி, யூனிபோம் போட்ட குப்ப வண்டிக்காரர் ஒருத்தர் கையக் காட்டுன பொறகுதான் உள்ள வந்தேன். இன்னொன்னு கேளுங்க. அந்தத் தெருவுல ஒருத்தர்கூட வெளிய வரல. பாவம், அவங்களுக்கெல்லாம் யாரும் ட்ரில் சொல்லிக்குடுக்கல போல."

பக்கத்துக் காம்பரா அக்கா அந்தத் தெருக்காரர்களுக்காக நாக்கால் உச்சுக் கொட்டினாள்.

நான் எழுந்தேன். ஜன்னலுக்குப் போவதற்குள் நாலு பேரைத் தாண்ட வேண்டியிருந்தது. "இங்க பாரு, நான் சொல்றதக் கவனமாக் கேளு. அங்க அடிக்கிற சைரன் வேற மாதிரி. இந்த ஏவுகணை இருக்குல்ல, அது மேல போயி நேரா முட்டுறதில்ல, கிட்டப் போயி..."

ஆமாம். அப்படித்தான் தொடங்கினேன். அத்தியாயம் நாலிலிருந்து.

அவள் தலை திரும்பியது. எங்களுக்கும் கேட்டது: ஏறி இறங்கும் ஓர் ஊளை, எங்கள் கைச் சைரனின் பணக்கார உறவு. "மச்சான், இருங்க, திரும்ப அடிக்குது. நான் போறேன்."

"போகாத. உள்ளயே இரு."

அதைச் சொல்லும்போது திரையில் அவள் இல்லை. போன் மேசையில் மல்லாந்து கிடந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைக் கூரையும் சுழலும் மின்விசிறியும். செருப்புச் சத்தம் ஓடியது. கதவு திறந்தது. அப்புறம் சைரன் மட்டும்.

நான் அந்த வெற்றுச் சமையலறையைப் பார்த்துக் கத்தினேன். சகலை, ஏன் எதற்கென்று தெரியாமலே, என் பக்கத்தில் வந்து, "ஏ புள்ள, ஏ புள்ள" என்று கத்தினார். இருபது பேரும் கத்தினார்கள். மின்விசிறி சுழன்றது. தூரத்தில் கனமாக ஏதோ ஒன்று அதிர்ந்தது. கூரை விளக்கு ஒருதரம் ஆடியது. படம் உறைந்து, போன் கட்டாகிவிட்டது.

"என்னா சகலை? வெளிய போயிட்டாள்ல, நல்லதுதானே? எதுக்குக் கத்துறீங்க?"

சொன்னேன். வானத்தில் மறிப்பது உண்மைதான், ஆனால் மறித்தது மறைந்து போவதில்லை, துண்டு துண்டாக வந்து விழும், மறிக்கப் போனதும் விழும். கூரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். திறந்த வெளிதான் இருப்பதிலேயே மோசமான இடம்.

"நீங்கதானே வெளிய ஓடச் சொன்னீங்க?" என்றார் ஒருவர். சண்டைக்கல்ல, விளங்காமல். அவர் கையை நீட்டிய திசையில், ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், என் எழுத்து இருந்தது. உடனே வீட்டை விட்டு வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்க. எழுத்துப்பிழை இல்லாமல், தெளிவாக.

சகலை அந்தச் சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போனுக்குத் திரும்பினார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

திரும்பத் திரும்ப அழைத்தோம். மணி போனது, எடுக்க ஆளில்லை. எப்படி எடுப்பாள்? போனைத் தேடி நிற்காதே என்பது இரண்டாம் விதி. அதிகாரி வரும்வரை உள்ளே வரமாட்டாள், அது மூன்றாம் விதி. முழு இரவும் மழையில் நின்றவள் வெயிலில் நிற்கமாட்டாளா? என் மூன்று விதியும் மூன்று பூட்டு மாதிரி அவளை அந்த நிலத்தின் நடுவில் பூட்டி வைத்திருந்தன. அங்கே எந்த அதிகாரி வருவான்?

தரையிலிருந்து கட்டளை அனுப்புவதன் வரம்பைப் பற்றி நான் இருபது பக்கம் எழுதியிருக்கிறேன். நமுனுகுலவிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அந்தத் தெரு தெரியாது. அவளுக்கு மூக்கில் கண் வைத்து அனுப்பாமல், என் குரலை வைத்து அனுப்பியிருந்தேன்.

"மேடம் நம்பர்" என்றாள் என் மனைவி.

அல்மாரிக் கதவின் உள்பக்கத்தில் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சகலை கதவைப் பிடுங்கிவிடுவார் போலத் திறந்தார். "நீங்க பேசுங்க, சகலை. ஒங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியும்."

பேசினேன். அந்த அம்மாள் எடுத்தார். காலை வணக்கம் சொன்னேன். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். தங்கள் இல்லத்தில் பணிபுரியும் பெண்மணியின் மூத்த சகோதரியின் கணவன் என்றும், விமான எதிர்ப்பு ஏவுகணைகள் குறித்து ஒரு நூல் எழுதியிருப்பவன் என்றும், இந்த நேரத்தில் ஓர் அவசர விளக்கம் தர விரும்புவதாகவும் சொன்னேன். நல்ல, இலக்கணச் சுத்தமான ஆங்கிலம். அவர் போனை வைத்துவிட்டார். போர்க் காலத்தில், தெரியாத நம்பரிலிருந்து, ஏவுகணை பற்றி ஒருவன் பேசினால் யார்தான் வைக்கமாட்டார்கள்.

"இங்க குடுங்க."

மனைவி போனை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மறுபடி அழைத்தாள். எடுத்ததும் மேடம் என்றாள், கொழுந்தியாவின் பேரைச் சொன்னாள், பிறகு அரபியில் நாலைந்து சொல். இருபது வருடத்துக்கு முந்திய, பாத்திரம் கழுவுகிற இடத்தில் கற்ற அரபி. அதற்கு இலக்கணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோது அர்த்தம் சொன்னாள்: வெளியே நிற்கிறாள். சைரன். அவளுக்குத் தெரியாது. கேட். கூப்பிடு.

கேட்டில் கெமரா இருக்கும், மேடம் எந்த நாட்டிலிருந்தும் போன் வழியாக அதில் பேசவும் முடியும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் காலத்தில் இல்லாத சாமான்தான். "தங்கச்சி ஒவ்வொரு ஞாயிறும் சொல்றாளே. குப்ப போடப் போனாக்கூட மேடம் கேட்டுலருந்து கொரல் குடுக்குதுன்னு. நீங்க எங்க கேட்டீங்க" என்றாள்.

போனில் அந்த அம்மாள் ஏதோ கத்தியது எங்களுக்கும் கேட்டது. பிறகு அதுவும் கட்டானது.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தக் காலத்துப் பொறியியலாளர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள். ஏவியாகிவிட்டது, ஏவுகணையின் பாதையைக் காகிதத்தில் கீறும் கருவியின் முள் நின்றுவிட்டது, கடலுக்கு மேலே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நான் அதைப் 'பதற்றமான சில நிமிடங்கள்' என்று எழுதியிருந்தேன். எழுதியவனுக்குப் பதற்றம் என்றால் என்னவென்று தெரியாது. சகலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ அவர் கையில் தேத்தண்ணிக் கோப்பையைத் திணித்தார்கள்; அவர் அதைப் பிடித்தபடியே இருந்தார், குடிக்கவில்லை. மகளுக்குச் சொல்லவா என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். மனைவி படியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். நாற்காலியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. சுவரில் சாயலாம் என்றால் அங்கே என் எழுத்து.

பதினேழு நிமிடம். போன் அடித்தது.

முதலில் இருட்டாக இருந்தது. பிறகு அவள் கண்கள். மாடிப்படிக்குக் கீழே, விளக்குமாறு வைக்கிற இடுக்கில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. மூச்சு இரைத்தது.

"அக்கா, மேடம் கேட்டுலருந்து சத்தம் போடுறாங்க. பேய் மாதிரி. உள்ள போ, படிக்குக் கீழ போன்னு. நான் அதிகாரிதான் வந்துட்டாருன்னு நெனச்சேன்."

"அடியே" என்றாள் என் மனைவி. அவள் குரல் உடைந்து திரும்பவும் சேர்ந்தது. "இது மண்ணு சைரன் இல்லடி. மழ சைரன்னா வெளிய. இந்தச் சைரன்னா உள்ள. வெளங்குதா? போனயும் எடுத்துக்கிட்டு உள்ள. யார் சொன்னாலும் வெளிய போகாத."

"மச்சான் சொன்னாங்களே."

"மச்சான் சொன்னாலும்."

எல்லாரும் பார்க்க நான் தலையாட்டினேன். என் புத்தகத்துக்கு அதைவிடச் சுருக்கமான, சரியான மதிப்புரை இனி வரப்போவதில்லை.

சகலை அப்போதுதான் கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் குனிந்து, "சாப்புட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. அவள் இன்னும் இல்லை என்றாள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்தோப்பில் இருந்தவர்கள், அந்த லயத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக, எழுந்து அப்பால் போனார்கள்.

மறுநாள் அவள் ஒரு படம் அனுப்பினாள். அந்தக் காலி நிலத்தில் வளைந்த தகடு ஒன்று மண்ணில் குத்தி நின்றது. ஒரு கொழுந்துக் கூடை உயரம் இருக்கலாம், ஓரம் கருகியிருந்தது. அவள் நின்ற இடத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று சகலை கேட்டிருக்கிறார். நம்ம காம்பராவுக்கும் பீலிக்கும் உள்ள தூரம் என்று பதில் வந்தது. குடத்தோடு போய்த் தண்ணீர் பிடித்து வந்துவிடுகிற தூரம். அவள் போன பிறகு விழுந்ததா, நிற்கும்போதே விழுந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

லயத்துக்காரர்கள் அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, இது அடிக்க வந்ததனுடைய துண்டா, மறிக்கப் போனதனுடைய துண்டா, எந்தப் பகுதி என்று கேட்டார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். புத்தகத்தில் நானே வரைந்த படங்களோடு வைத்துப் பார்த்தேன். ஆணி அடித்த வரிசை தெரிந்தது. மற்றபடி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தகடு என்று பதில் போட்டேன்.

இதை எழுதும்போது சண்டை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. விமான நிலையத்தை எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. அவள் மாடிப்படிக்குக் கீழே ஒரு மெத்தையும் தண்ணீர்ப் போத்தலும் போட்டு வைத்திருக்கிறாளாம். அதற்கப்புறம் நாலு தரம் சைரன் அடித்திருக்கிறது. ஒவ்வொரு தரமும், காலைத் தூக்கி வாசலுக்கு ஓடப் பார்க்கிறதாம் உடம்பு. பிடித்து உள்ளே இழுக்க வேண்டியிருக்கிறது என்றாள். சகலை காலையில் எழுந்ததும் முதலில் மழைமானியைப் பார்க்கிறார், பிறகு போனைப் பார்க்கிறார்.

போன ஞாயிறு தோட்டத்துக்குப் போனபோது அவர் பெயின்ட் டின்னும் கையுமாகச் சுவருக்கு முன்னால் நின்றார். என் அறிவித்தல் அப்படியே இருந்தது. மழைக்காலம் வரும், அது வேண்டும். அதன் கீழே, கோடு போடாமல், சரிந்து போகும் எழுத்தில் அவர் ஒரு வரி சேர்த்திருந்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை.

"ஒங்களத்தான் எழுதச் சொல்லலாம்னு பாத்தேன், சகலை" என்றார் தூரிகையைத் துடைத்துக்கொண்டே. "நீங்க எழுதுனா நீளமாயிரும்."

அவர் எழுதியிருந்தது: வெளிநாட்டுல சைரன்னா உள்ள இரு.